துப்பாக்கி உரிமமும் பழைய குற்றமும்

தாராவியில் என் அறைக்கு அடுத்த அறையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு கிடங்கில் காவல் வேலை. துப்பாக்கி ஏந்தும் காவலருக்குச் சம்பளம் கூடுதல் என்பதால், உரிமத்திற்கு விண்ணப்பிக்க விரும்பினார். “தம்பி, நீ படிச்சவன். இதை நிரப்பிக் கொடு” என்று தாளை நீட்டினார். ‘முன்பு தண்டனை பெற்றதுண்டா?’ என்ற கேள்வியைப் படித்ததும் அவர் முகம் வாடியது. பத்தொன்பது வயதில் கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர் அவர். “அதோட முடிஞ்சு போச்சே, இல்லைன்னு எழுதிடு” என்றார். சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். பார்த்து அறிந்ததை நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை அன்று. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி அரசு தரும் அனுமதி. மும்பையில் அதை வழங்குபவர் போலீஸ் கமிஷனர். விண்ணப்பம் சென்றதும், உள்ளூர்க் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், போதைப் பொருளைச் சட்டத்துக்கு மாறாகப் பயன்படுத்துவோருக்குத் துப்பாக்கி கூடாது என்று நேராகவே சொல்கிறது. நம் சட்டத்தின் தடைப் பட்டியலில் போதைப் பொருள் என்ற சொல்லே இல்லை. ஆயினும் அக்குற்றம் மூன்று வழிகளில் குறுக்கே வரக்கூடும்.

முதலாவது, 9ஆம் பிரிவு. வன்முறையோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. அபராதம் மட்டும் கட்டியவரை இத்தடை பற்றாது. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் அளவைப் பார்த்தே தண்டிக்கிறது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாயின் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டுக்குக் குறையாத சிறை. இனி, ஒழுக்கக்கேடு என்பது யாது? சட்டம் அதற்கு வரையறை தரவில்லை. தண்டனை பெற்ற ஒவ்வொரு செயலும் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் அரியானா வழக்கொன்றில் எடுத்துக்காட்டியது. அவ்வழக்கில் ஒருவர் வேலையிழக்கக் காரணமாயிருந்த தண்டனை 20 ரூபாய் அபராதமே.

இரண்டாவது, 14ஆம் பிரிவு. விண்ணப்பித்தவர் ஏதேனும் காரணத்தால் தகுதியற்றவர் என்றோ, பொது அமைதிக்கு ஊறு நேரும் என்றோ கருதினால் அதிகாரி மறுக்கலாம். பழைய அபராதத்தையும் அவர் எடைபோட இடமுண்டு. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே உரிமத்தை நீக்கப் போதிய காரணமன்று என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பல முறை கூறியுள்ளது.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள். போதைக்கு அடிமையாயில்லை என்று மருத்துவர் சான்று தரவேண்டும். இங்கே கேள்வி பழைய குற்றத்தைப் பற்றியதன்று. இன்றைய நிலையைப் பற்றியது. பழக்கத்தில் சிக்கியவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெறப் போதைப் பொருள் சட்டத்திலேயே வழி உண்டு.

ஆக, பழைய சிறு குற்றம் என்றென்றைக்கும் கதவை அடைத்துவிடுவதில்லை. அதை மறைப்பதுதான் பேராபத்து. உண்மையை மறைத்துப் பெற்ற உரிமத்தை 17ஆம் பிரிவின்படி பறிக்கலாம். உரிமம் போனால் அதை நம்பிக் கிடைத்த வேலையும் போகும்.

நம் குடியிருப்பு இளைஞர்கள் உணரவேண்டியது மற்றொன்று. “அபராதம் கட்டினால் தீர்ந்தது” என்பது தவறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனை பெறுவதே. பின்னாளில் ஒரு விண்ணப்பத் தாள் அதைக் கேட்கும். ஒப்புக்கொள்ளுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது நன்று. வசதியில்லாதார்க்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

அண்ணனின் தாளில் “ஆம், அபராதம்” என்றே எழுதினோம். தீர்ப்பின் படியையும் இணைத்தோம். விடை இன்னும் வரவில்லை. எதுவாயினும், பொய் சொல்லிவிட்டோமே என்ற அச்சம் இல்லாமல் அவர் இரவுக் காவலுக்குப் போய்வருகிறார்.