மங்கலச் சொல்லும் சீனர் திருநாளும்

காலி நகரில் 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பெற்ற கல்வெட்டொன்று இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த, 1409ஆம் ஆண்டினைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு அருகருகே நின்ற மொழிகளுள் ஒன்று நம் தாய்மொழி. மற்றொன்றாகிய சீனத்தைத் தொழில் கருதியும் மேற்படிப்புக் கருதியும் இன்று நம் இளைஞர் சிலர் கற்கத் தொடங்கியுள்ளனர். அவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று திருநாள் வாழ்த்து. அதனை வெறும் சொற்பட்டியலாக நெட்டுருச் செய்தாற் போதாது என்பதையே ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

நன்னூல் படித்த மாணவர் மங்கலம் என்னும் வழக்கை அறிவர். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதன்பாற்படும். வீட்டை விட்டுப் புறப்படுவோர் 'போறன்' என்னாது 'போயிட்டு வாறன்' என்பதும் அதே உணர்ச்சியால் எழுந்ததே. தீய பொருளை நல்ல சொல்லால் மறைப்பது நம் முறை. சீனரிடத்தும் இவ்வழக்கம் உண்டு. ஆயினும் அவர்கள் மற்றுமொரு படி சென்று, சொல்லின் ஒலியிலேயே மங்கலத்தையும் அமங்கலத்தையும் காண்கின்றனர்.

இதற்குக் காரணம் அம்மொழியின் அமைப்பாகும். மன்டரின் எனப்படும் பொதுச் சீனத்தில் உள்ள ஒலியசைகள் ஏறக்குறைய 400. நான்கு தொனிகளாலும் அவற்றை வேறுபடுத்தி எண்ணினாலும் ஏறக்குறைய 1,300க்கு மேற்படா. ஆதலால் எழுத்தில் வேறுபட்டும் ஒலியில் ஒன்றுபட்டும் நிற்கும் சொற்கள் அங்கு மிகப் பல. நம் புலவர் சிலேடையாகப் பாட்டில் அமைத்ததைச் சீன இல்லத்தார் அடுக்களையிலும் வாயிற்கதவிலும் அமைத்துள்ளனர்.

புத்தாண்டுக்கு முந்திய இரவு 'ச்சூ ஷி' எனப்படும். அன்றிரவு எங்கிருந்தாலும் வீடு திரும்பிக் குடும்பத்தார் ஒருங்கிருந்து உண்பர். அவ்விருந்தில் மீன் இடம்பெறும். மீனுக்கு 'யூ' என்று பெயர். மிச்சம் என்பதற்கும் அதே ஒலி, அதே தொனி. 'நியன் நியன் யோ யூ' என்னும் வாழ்த்து, ஆண்டுதோறும் மிச்சமிருக்கட்டும் என்று பொருள்படும். மீனை முற்றும் உண்ணாது சிறிது விட்டுவைக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. 'ஃபூ' என்பது நற்பேறு. அவ்வெழுத்தைச் செந்தாளில் எழுதிக் கதவிலே தலைகீழாக ஒட்டுவர். தலைகீழ் என்பதும் வந்தது என்பதும் 'தாவ்' என்றே ஒலிக்குமாதலின், 'ஃபூ தலைகீழாயிற்று' என்று காண்போர் கூறின் 'நற்பேறு வந்துவிட்டது' என்றே அது கேட்கும். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் இட்டுக் கொடுக்கும் கைவிசேடத்துக்கு 'யா சுவெய் சியென்' என்று பெயர். இங்கு 'சுவெய்' என்பது வயதையும் குறிக்கும். பிள்ளைகளை அண்டும் தீயசக்தியையும் குறிக்கும்.

அமங்கலமும் இவ்வாறே ஒலிவழி வருகின்றது. மணிக்கூட்டைப் பரிசளித்தல் 'சுங் ஜுங்'. பெற்றோரின் இறுதிக் காலத்தில் உடனிருந்து வழியனுப்புதலும் 'சுங் ஜுங்'. எனவே நல்லெண்ணத்தோடு சுவர்மணிக்கூடு ஒன்றைத் திருநாட் பரிசாகக் கொண்டு செல்பவர், அவ்வீட்டாரின் முகம் வாடுவதைக் காண நேரலாம்.

இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 'க்வாய் லெ' என்றால் மகிழ்ச்சி. 'ஷின் நியன் க்வாய் லெ' என்பது புத்தாண்டு வாழ்த்து. இதனைக் கற்ற மாணவன், முன்னுள்ள பெயரை மட்டும் மாற்றினால் எல்லாத் திருநாட்கும் வாழ்த்துக் கிடைக்கும் என எண்ணக்கூடும். எட்டாம் மாத முழுநிலாத் திருநாளாகிய 'ஜுங் ச்சியோ'வுக்கு அது பொருந்தும். ஆனால் ஏப்பிரல் மாதம் பெரும்பாலும் 4ஆம் அல்லது 5ஆம் திகதியில் வரும் 'சிங் மிங்' நாளுக்குப் பொருந்தாது. அது முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடும் நாள். அன்று மகிழ்ச்சி வாழ்த்துக் கூறுதல், ஆடி அமாவாசையன்று தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்து திரும்புபவரிடம் வாழ்த்துக் கூறுதலை ஒக்கும். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வருவது 'துவான் வூ'. ஆற்றில் மூழ்கி உயிர்நீத்த புலவர் ச்சூ யுவானின் நினைவு அந்நாளோடு கலந்திருத்தலின், அன்றும் 'க்வாய் லெ' என்னாது, நலமும் அமைதியும் எனப் பொருள்படும் 'ஆன் காங்' என்பதையே விரும்புவோர் உளர்.

சொல்லுக்கும் இல்லத்துக்கும் உள்ள பிணைப்பு எத்துணை உறுதியானது என்பதை வரலாறும் காட்டுகின்றது. சீனக் குடியரசு 1912இல் ஆங்கிலத் திகதி முறையை ஏற்றது. பழைய புத்தாண்டுக்குரிய 'யுவான் தான்' என்னும் பெயர் ஜனவரி முதலாந் திகதிக்குச் சென்றது. 1914இல் பழைய புத்தாண்டு, வசந்தத் திருநாள் எனப் பொருள்படும் 'ச்சுன் சியே' ஆயிற்று. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1967இல், அதற்குரிய விடுமுறையும் நிறுத்தப்பட்டது, 1980இலேயே மீண்டது. இத்தனைக்கும் பின்னர், 'ஆண்டைக் கடத்தல்' எனப் பொருள்படும் 'குவோ நியன்' என்னும் பழஞ்சொல்லையே மக்கள் இன்றும் வீட்டில் வழங்குகின்றனர். 2024இல் யுனெஸ்கோ நிறுவனம் இத்திருநாளை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

ஆதலின் சீனம் கற்கும் மாணவர், ஒவ்வொரு திருநாட் சொல்லுக்கும் எதிரே நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்வாராக: அதன் எழுத்து, அதன் தொனி, அதனோடு ஒலி ஒக்கும் பிற சொல், அதனைக் கூறத்தக்க வேளை. முதலிரண்டையும் பாடநூல் தரும். பின்னிரண்டையும் அம்மக்களோடு பழகியும் கேட்டும் அறிதல் வேண்டும்.

புத்தாண்டு நாளில் விருந்து வீட்டிலே தட்டொன்று கைதவறி உடைந்துவிட்டதெனக் கொள்வோம். அது தீக்குறியாகுமோ என்று எல்லோரும் ஒரு கணம் வாயடைத்திருப்பர். அப்பொழுது வீட்டு முதியவர் 'சுவெய் சுவெய் பிங் ஆன்' என்பார். ஆண்டாண்டும் நலமும் அமைதியும் நிலவுக என்பது அதன் பொருள். உடைதலும் ஆண்டும் 'சுவெய்' என்றே ஒலிப்பதால், உடைந்த தட்டே வாழ்த்தாகிவிடும். முதியவரை முந்திக்கொண்டு நம் மாணவர் ஒருவர் அவ்வேளையில் அதனைச் சொல்லுவாராயின், அவ்வீட்டில் அவரை எவரும் அயலாராகக் கருதார்.