நாரி நோவுக்கு ஒஸ்ரியோபதி: போவதற்கு முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை

லண்டனில் எங்களுடைய ஆட்கள் நாலு பேர் கூடினால், அது கோயில் திருவிழாவாக இருந்தாலென்ன பிறந்தநாள் கொண்டாட்டமாக இருந்தாலென்ன, கொஞ்ச நேரத்தில் கதை நாரிக்கு வந்துவிடும். நாரிப்பிடிப்பு, தோள்மூட்டு நோ, முழங்கால் உளைவு, பிடரி இறுக்கம். பத்துப் பதினைந்து வருடமாகப் பனடோலோடு காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் "ஒஸ்ரியோபதிக்குப் போய்ப் பாருங்கோவன்" என்பார். அது என்ன, அங்கே என்ன செய்வார்கள், காசு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் வரும்.

நான் வைத்தியர் அல்ல. இங்கே வைத்தியத் தேவைகளுக்காகத் தமிழில் மொழிபெயர்ப்புச் செய்கிறவள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று பல வருடங்களாகக் கேட்டதையும் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒஸ்ரியோபதி என்பது கைகளால் செய்யும் வைத்தியம். தசைகளையும் மூட்டுகளையும் தொட்டுப் பரிசோதித்து, அழுத்தி, நீட்டி, அசைத்துச் சிகிச்சை செய்வார்கள். ஊரில் முறிவு நெரிவு வைத்தியரிடம் உருவுவித்தவர்களுக்கு இது முற்றாக அந்நியமாக இராது. எண்ணெயும் பத்தும்தான் இல்லை. இதைத் தொடக்கியவர் அன்ட்ரூ டெய்லர் ஸ்ரில் என்ற அமெரிக்க வைத்தியர். உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். 1864 இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னர், அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து வேறு வழி தேடினார். 1892 இல் மிசூரி மாநிலத்தில் முதலாவது கல்லூரியைத் திறந்தார். எல்லா வருத்தத்தையும் எலும்பைச் சரிசெய்து மாற்றலாம் என்று அவர் நம்பியதை இன்று நல்ல ஒஸ்ரியோபத் எவரும் சொல்லமாட்டார். ஆஸ்துமா மாறும், பிள்ளைப்பாக்கியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொது ஒஸ்ரியோபதிச் சபையில் பதிவு செய்தவர்கள் மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பெயரைக் கொடுத்து இணையத்திலேயே சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் உறவினர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கைவைத்தியமாக இதைச் செய்கிறவர்களுக்குச் சட்டரீதியான ஒழுங்குபடுத்தல் இல்லை. எங்கே, எத்தனை வருடம் படித்தார்கள் என்று நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். அதில் பாதி நேரம் கேள்விதான். எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, கால் விறைக்கிறதா, என்ன குளிசை எடுக்கிறீர்கள், முன்னர் காயம் ஏதும் பட்டதா. எங்களுடைய ஆட்கள் தடுமாறுவது இந்தக் கடைசிக் கேள்வியில். "அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றும்போது முதுகில் கைவிரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கும். சன்னம் ஏறிய இடம்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கும். காயத்தைக் காட்டினால் விசாரணை என்ற காலத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் தழும்பை மறைத்துப் பழகிய உடம்பு, லண்டன் கிளினிக்கிலும் மறைக்கும். ஆனால் இங்கே அதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. உடம்புக்குள் செல் துண்டு இருந்தால், அதற்குமேல் அழுத்தக்கூடாத இடங்கள் உண்டு. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதியைத் திருப்பவே கூடாமல் இருக்கலாம். பின்னர் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால் நிலைமை இன்னும் பாரதூரமானது. அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கோ நரம்புக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் விளைவு பாரதூரமாகும். எத்தனை துண்டு, எங்கே என்று தெரியாவிட்டால் "தெரியாது, ஆனால் இருக்கிறது" என்று சொன்னாலே போதும். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

யார் அடித்தார்கள், எந்த முகாம், எந்த இயக்கம் என்ற விபரம் அவர்களுக்குத் தேவையில்லை. "முதுகில் பலமாக அடிபட்டது", "கையைப் பின்னால் கட்டித் தூக்கினார்கள்" என்றால் தோள்மூட்டை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கு விளங்கும். சொன்னது வெளியே போகாது. உயிராபத்து போன்ற மிகச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. எங்களுக்கும் அதே கட்டுப்பாடு. மொழிபெயர்ப்பாளர் உங்களுடைய ஊர் ஆள் என்று தெரிந்து சங்கடமாக இருந்தால், வேறொருவரைக் கேளுங்கள். நாங்கள் குறை நினைக்கமாட்டோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். அகதி வழக்குக்கான தழும்பு அறிக்கையை ஒஸ்ரியோபத் எழுதித் தருவார் என்று எண்ணி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வேலை. இஸ்தான்புல் நெறிமுறைப்படி பயிற்சி பெற்ற வைத்தியர்கள் செய்வது. சட்டத்தரணி ஊடாகத்தான் போகவேண்டும்.

கேள்விகள் முடிந்ததும் பரிசோதனை. குனிந்து நிமிரச் சொல்வார்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்துவார்கள், சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள். உடுப்பைக் குறைக்கச் சொல்லலாம். அரைக்காற்சட்டையும் கையில்லாத பெனியனும் கொண்டுபோனால் அந்தச் சங்கடம் பாதி குறையும். பெண்கள் பெண் வைத்தியரைக் கேட்கலாம், துணைக்கு ஆள் வைத்திருக்கலாம். கழற்ற விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம்.

பிறகு மேசை. குப்புறப் படு என்று சொல்லி, ஒருவர் பின்னால் நின்று கைவைப்பது சிலருக்கு வெறும் சிகிச்சையாக இராது. மூச்சு அடைக்கும், வியர்க்கும், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். தடுப்பில் இருந்து வந்தவர்களில் மட்டும் நான் இதைக் காணவில்லை. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் குப்புறக் கிடந்த தாய்மாருக்கும் இது வரும். குப்புறப் படுக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. சரிந்து படுத்தோ கதிரையில் இருந்தோ, கதவைப் பார்த்தபடியோ செய்விக்கலாம். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லுங்கள். கையை உயர்த்தினால் உடனே நிறுத்தவேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். முதல் நாள் சம்மதித்தேனே என்று பொறுத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை.

சிகிச்சையில் பெரும்பகுதி மெதுவானது. இறுகிய தசையை அழுத்துவது, மூட்டைச் சிறிது சிறிதாக அசைப்பது, நீங்கள் ஒரு பக்கம் தள்ள அவர் மறுபக்கம் தாங்குவது. சிலவேளை ஒரு சடுதியான தள்ளலில் 'டக்' என்று சத்தம் கேட்கும். எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழ் உண்டாகும்போது வரும் சத்தம் அது. விலகிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ளவும் முடியாது. கழுத்தில் இப்படித் தள்ளுவதால் மிக அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. என்னுடைய கழுத்தை யாரும் அப்படித் திருப்ப நான் விடமாட்டேன். நீங்களும் மறுக்கலாம். இரத்தத்தைக் கரைக்கும் குளிசை எடுக்கிறவர்களும், எலும்பு மெலிந்த வயதான அம்மாமாரும் அதை முதலிலேயே சொல்லவேண்டும்.

அடுத்த ஒன்றிரண்டு நாள் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அது வழமை. பலன் எவ்வளவு என்று கேட்டால், பலருக்கு ஓரளவு இலகு கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றும் இல்லை. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016 இல் வெளியிட்ட நாரி நோ வழிகாட்டலில், கைச்சிகிச்சையைத் தனியாக அல்லாமல் உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கலாம் என்று சொல்கிறது. அதனால் வீட்டில் செய்ய அப்பியாசம் ஒன்றும் சொல்லித்தராமல், கிழமைக்கு ஒருமுறை வாருங்கள் என்று மட்டும் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்று நான்கு முறை போயும் மாற்றம் இல்லையென்றால், ஏன் என்று நேரடியாகக் கேளுங்கள்.

காயம் ஆறிப் பல வருடம் கழிந்தும் நோ நிற்பது ஏன் என்றும் கேட்பார்கள். நீண்ட காலம் பயத்தில் இருந்த உடம்பின் நரம்புகள் காவலைக் கைவிடுவதில்லை. சிறு அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். நித்திரை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகும். இது பொய் நோ அல்ல, மனப்பிரமையும் அல்ல. ஆனால் முதுகை மட்டும் உருவி இதை மாற்ற முடியாது. லண்டனில் 1985 இல் ஹெலன் பாம்பர் தொடங்கிய, இன்று 'ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர்' என்று அறியப்படும் அமைப்பு, சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு உளச்சிகிச்சை வழங்குகிறது. அங்கே போகிறவர்களில் எங்களுடைய ஆட்களும் உண்டு.

சில அறிகுறிகளுக்கு ஒஸ்ரியோபத்தையும் தேடக்கூடாது, நாளைக்கென்று விடவும் கூடாது. நாரி நோவோடு சலம் போவது தெரியாமல் போதல் அல்லது அடைத்துக்கொள்ளுதல், தொடைகளுக்கு நடுவிலும் மலவாசலைச் சுற்றியும் விறைப்பு, இரண்டு கால்களும் சோர்தல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சலும் உடல் மெலிவும் இரவில் கூடும் நோவும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். முள்ளந்தண்டில் காசநோயும் வரும்.

காசு விடயம். ஒஸ்ரியோபதி இங்கே பெரும்பாலும் தனியார் சேவை. ஒருமுறைக்கு ஏறத்தாழ 40 முதல் 80 பவுண் வரை போகும். கல்லூரிகளின் பயிற்சிக் கிளினிக்கில் மேற்பார்வையோடு மாணவர்கள் பார்ப்பார்கள், கட்டணம் குறைவு. ஆனால் முதலில் தேசிய சுகாதார சேவையின் பிசியோதெரபியைக் கேளுங்கள். இலவசம். பல இடங்களில் வைத்தியரின் கடிதமும் தேவையில்லை. காத்திருக்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

இதை வன்னியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ஒஸ்ரியோபதி கிடைக்காததால் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் வவுனியா, கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைகளிலும் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. மேலே சொன்ன கையால் அசைத்தலும் அப்பியாசமும் அங்கேயும் செய்வார்கள், காசில்லாமல். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு நாரி நோ வந்தால், முதுகை உருவுவிக்க முன்னர் காலின் உயரத்தையும் பொருத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வருடக் கணக்கில் தேய்ந்த கால் ஒரு பக்கமாகச் சரித்து நடக்கவைக்கும், நாரி அதைச் சுமக்கும். போகும்போது பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, எடுக்கும் குளிசைகளின் மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.