முதலில் மேசை, பிறகு மின்சுற்று

கூரத்தாழ்வார் பிறந்த ஊர், பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் என்று கூரத்துக்குப் பழம்பெருமை உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய இந்த ஊரில் ஒருவர் வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி செய்ய ஆசை. பாதி வேலையில் ஒரு ஐசி இல்லை என்று தெரிகிறது. காஞ்சிபுரம் கடைகளிலும் கிடைக்காவிட்டால், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். போய்வர ஒரு நாள் போய்விடும். வீடு திரும்பிய பிறகு, அதே ஐசி மேசையில் ஒயர்க் குவியலுக்கு அடியில் கிடந்தால்?

மேசையைச் சீர்செய்வது அழகுக்காக அல்ல. கையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பதற்காக. காஞ்சிபுரம் நெசவாளிக்கு இது தெரிந்த ஒழுங்குதான். பாவை இழை பிசகாமல் பிணைத்து முடித்த பிறகே அவர் நாடாவைத் தொடுவார்.

வேலையை மெயின் சுவிட்சை அணைப்பதில் தொடங்க வேண்டும். பழைய டிவி, சார்ஜர் போர்டுகள் குவியலில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 230 வோல்ட் மின்சாரத்தை டிசியாக மாற்றும் சப்ளைகளில் பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் அந்த போர்டைக் கையால் தொடக் கூடாது.

அடுத்து, மேசையில் உள்ள எல்லாவற்றையும் இறக்கி மூன்றாகப் பிரிக்கலாம்: நன்றாக வேலை செய்பவை, சோதித்துப் பார்க்க வேண்டியவை, கழிக்க வேண்டியவை. நடுவில் உள்ள கூட்டம்தான் ஆபத்தானது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிய சந்தேகத்துக்குரிய டிரான்சிஸ்டர் நல்லவற்றோடு கலந்துவிட்டால், புது சர்க்யூட் ஓடாதபோது குறை வரைபடத்திலா, பாகத்திலா என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தேட நேரும்.

ரெசிஸ்டர்களைப் பிரிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள் என்றால் 1,000 ஓம். சிவப்பின் இடத்தில் ஆரஞ்சு இருந்தால் 10,000 ஓம். மஞ்சள் பல்பின் மங்கல் ஒளியில் இந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலவே தெரியும்; மதிப்போ பத்து மடங்கு மாறிவிடும். சந்தேகம் வந்தால் மீட்டரில் அளந்துவிடலாம். சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் 104 என்று அச்சிட்டிருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. பாகங்களைப் போட்டுவைக்க விலை உயர்ந்த பெட்டி எதுவும் தேவையில்லை. தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, முகப்பில் மதிப்பை எழுதினால் போதும். ஐசிகளை மட்டும் நிலைமின்சாரம் தாக்காத கறுப்பு நுரையிலோ அதற்குரிய உறையிலோ வைப்பது நல்லது. நம் விரலுக்கு உறைக்காத அளவு நிலைமின்சாரமே சில ஐசிகளைக் கெடுத்துவிடும்.

மேசையைத் துடைக்கும்போது வெட்டிப் போட்ட கம்பி நுனிகளும் சால்டர் துளிகளும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. போர்டுக்கு அடியில் ஒரு துணுக்கு கிடந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். பழைய வகை சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அதனால் துடைத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; டீ டம்ளரை அந்த மேசையில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். கழித்த போர்டுகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

கலைந்த மேசையிலும் மேதைகள் வேலை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் இருந்த ஜிம் வில்லியம்ஸ், அனலாக் சர்க்யூட் உலகில் பெரிய பெயர். 2011-இல் அவர் இறந்த பின், ஒயர்களும் பாதி முடித்த போர்டுகளும் குவிந்த அவருடைய மேசையை கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் காட்சிக்கு வைத்தது. ஆனால் அது பல்லாண்டுகள் இதையே தொழிலாகச் செய்தவரின் மேசை. விடுமுறை நாளில் மட்டும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பவருக்கு, போன வாரம் எதை எங்கே வைத்தோம் என்பதே நினைவில் இருக்காது.

தொழிற்சாலைகளும் நினைவாற்றலை நம்புவதில்லை. ஜப்பானில் உருவான ‘5 எஸ்’ முறை தேவையற்றதை நீக்கு, இடம் ஒதுக்கு, துடை, நெறிப்படுத்து, விடாமல் கடைப்பிடி என்கிறது. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் இதைப் பின்பற்றுகின்றன.

வீட்டில் இதைக் கடைப்பிடிக்க எளிய வழி, ஒரு வேலைக்கு ஒரு தட்டு. சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்துத் தேவையான பாகங்களைத் தாளில் எழுதி, தீப்பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து டிக் செய்துகொண்டே வரலாம். டிக் விழாத வரிகள்தான் ரிச்சி தெருவுக்கான பட்டியல். அதில் இருப்பதையெல்லாம் ஒரே பயணத்தில், கூடுதலாக இரண்டிரண்டு சேர்த்து வாங்கி வந்த பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கலாம்.