ஆடம்சனுக்குச் சேர வேண்டிய பாதிப் புகழ்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், இடிந்து நிற்கும் பேராலயத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் புகைப்படக்காரர் ராபர்ட் ஆடம்சன் அடக்கமாகியிருக்கிறார். 1848 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 26. அவருடைய கூட்டாளி, ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், எடின்பரோவின் டீன் கல்லறையில், சிற்பியான தன் மனைவி வடித்த மார்பளவுச் சிலையின் கீழ் இருக்கிறார். இருவரும் சேர்ந்து நாலரை ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்கள் ஏறக்குறைய 3,000. ஆனால், நெடுங்காலம் புகழ் பெரும்பாலும் ஹில்லுக்கே போனது. அது சரியல்ல.

டால்பட் கண்டுபிடித்த, காகிதத்தில் புகைப்படம் எடுக்கும் கலோடைப் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை இருந்தது, ஸ்காட்லாந்தில் இல்லை. டால்பட்டின் நண்பரும் அறிவியலாளருமான டேவிட் புரூஸ்டர் இந்த முறையைச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் ஜான் ஆடம்சன் அதில் தேர்ந்து, தம்பி ராபர்ட்டுக்கும் கற்றுக்கொடுத்தார். கூட்டணியில் ராபர்ட் செய்த இந்த வேலை எளிதல்ல. வெள்ளி அயோடைடு ஏற்றிய காகிதத்தில், படம் எடுப்பதற்குச் சற்று முன் வெள்ளி நைட்ரேட்டும் காலிக் அமிலமும் கலந்த கரைசலைத் தூரிகையால் சீராகப் பூச வேண்டும். நல்ல வெயிலிலும் எதிரே இருப்பவர் சற்று நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு அதில் கிடைக்கும் நெகட்டிவிலிருந்து உப்பிட்ட காகிதத்தில் சூரிய ஒளியால் பிரதி எடுக்க வேண்டும். பூச்சு சற்றுப் பிசகினாலும் முகத்தில் திட்டு விழும்.

ஆட்களை அமரவைத்து, ஒளியும் நிழலும் விழும் விதத்தை அமைத்தவர் ஹில். ஆடம்சன் வெறும் தொழில்நுட்பக்காரர்தானே என்று கேட்கலாம். ஓவியரின் கண் இல்லாமல் இருவரும் படமெடுத்த, எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் மீனவப் பெண்களின் கம்பீரம் படத்தில் வந்திருக்காது என்பது உண்மை. ஆனால், ஆடம்சன் மறைந்தபின் ஹில் மேலும் 22 ஆண்டுகள் வாழ்ந்தார். 1860களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் மெக்ளாஷன் என்ற வேறொரு புகைப்படக்காரரோடு சேர்ந்தும் பார்த்தார். கண் அதே கண்தான். பழைய தரம் மட்டும் திரும்பவில்லை. காலோடியன் என்ற புதிய முறைக்கு மாறியதே காரணம் என்பார்கள். அப்படியானால் காகிதமும் ரசாயனமும் கலையின் பாதி என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்; அந்தப் பாதியைக் கையாண்டவர் ஆடம்சன்.

இன்று அருங்காட்சியகங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன. அந்த நியாயம் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும். பழைய படம் ஒன்றை அச்சிடுவோர், காட்சியை அமைத்தவரோடு அதைக் காகிதத்தில் பதித்தவர் பெயரையும் தேடிப் போடுங்கள்.