அணைத்த பின் ஏறும் சூடு

எரிபொருளை அழுத்தத்துடன் பீய்ச்சும் முறை 1980களின் பிற்பகுதியில் பரவும்வரை, அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளின் பெட்ரோல் எஞ்சின்கள், பெட்ரோலைக் காற்றோடு நுண்துளிகளாகக் கலந்து தரும் கார்புரேட்டரையே சார்ந்திருந்தன. காலைக் குளிரில் உடனே கிளம்பும் இவ்வண்டிகளுள் சில, நெடுந்தூரம் ஓடி நின்ற கால் மணி நேரத்தில் மீண்டும் கிளம்ப மறுப்பதும், நன்றாக ஆறிய பின் தடையின்றிக் கிளம்புவதும் உண்டு.

இக்கோளாறு வண்டி ஓடும்போது அன்றி, நிற்கும்போதே உருவாகிறது. எஞ்சின் சுழலும்வரை விசிறிக் காற்றும், குளிர்நீர்ச் சுற்றோட்டமும், இடைவிடாது வந்துசேரும் புதிய பெட்ரோலும் கார்புரேட்டரைச் சூடேறாமல் காக்கின்றன. எஞ்சினை அணைத்தவுடன் இம்மூன்றும் ஒருசேர நின்றுவிட, இரும்பில் தேங்கிய வெப்பம் மேலேறுகிறது. பெட்ரோல் பல நீர்மங்களின் கலவையாதலால், அதன் இலேசான கூறுகள் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். 10 விழுக்காடு எத்தனால் கலப்பதும், டென்வர் போன்ற 1,600 மீட்டர் உயரத்து ஊர்களின் குறைந்த காற்றழுத்தமும் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

இக்கொதிப்பு ஒன்றுக்கொன்று எதிரான இரு விளைவுகளைத் தரக்கூடும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கிநிற்கும் மிதவை அறையில் அது நிகழ்ந்தால், பெட்ரோல் பொங்கி உட்புகு குழாயில் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கிறது. பெட்ரோலை உறிஞ்சும் குழாயிலோ பம்பிலோ நிகழ்ந்தால், ஆவிக்குமிழிகள் வழியை அடைத்து எஞ்சினைப் பட்டினி போடுகின்றன. முன்னதற்கான மருந்து பின்னதற்குப் பயன்படாது என்பதால், எது நேர்ந்தது என்பதை எஞ்சின் ஆறுவதற்குள், அதாவது தடயம் மறைவதற்குள், அறிவது இன்றியமையாதது.

முதலில், ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். பல செவ்ரலே வண்டிகளில் அதற்கு மின்சாரம் விடும் சோலினாய்டு, புகைக்குழாயை ஒட்டி ஸ்டார்ட்டரின் மேலேயே அமைந்திருப்பதால், சூட்டில் மின்தடை கூடி வெறும் ‘டிக்’ ஒலியோடு நின்றுவிடக்கூடும். சுழற்சி சரியாக இருப்பின், அடுத்து ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஏனெனில் பழைய இக்னிஷன் காயிலும் மின்னணுப் பற்றவைப்புப் பெட்டியும் சூட்டில் மட்டுமே செயலிழப்பதுண்டு. பொறியும் இருந்தால், எஞ்சினை அணைத்த நிலையில், அருகில் தீப்பொறி எதுவுமின்றி, காற்று வடிகட்டியைக் கழற்றி, த்ராட்டில் நெம்புகோலை ஒருமுறை அசைத்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் நோக்க வேண்டும்: பெட்ரோல் தானே சொட்டினால் மூழ்கல், அசைத்தும் பீய்ச்சாவிட்டால் பட்டினி.

மூழ்கிய எஞ்சினில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஒரேயடியாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் காற்று மிகுதியாகப் புகுந்து தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். பட்டினி கிடக்கும் எஞ்சினுக்குப் பம்பும் குழாயும் குளிர வேண்டும். நிலையான தீர்வுகளாக, கார்புரேட்டரின் அடியில் வெப்பங்கடத்தாத தடித்த பலகையை இடுதல், பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்குதல், மிதவை மட்டத்தைச் சரிசெய்தல் ஆகியன கைக்கொள்ளப்படுகின்றன. பல வி-8 எஞ்சின்களில் கார்புரேட்டரின் அடியில் புகையைச் செலுத்தும் வழி, குளிர்காலத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதற்கென்றே வைக்கப்பட்டது. புகைக்குழாயை மூடிப் புகையை அவ்வழியே திருப்பும் வால்வு துருவேறி மூடியே கிடந்தால், பனிக்கால உதவியே கோடையின் கோளாறாகிவிடும் என்பதால், புதிய பாகங்களை வாங்குவதற்கு முன் அந்த வால்வை அசைத்துப் பார்ப்பது தகும்.