தண்ணீரில் அழியாத லேபிள் - வீட்டு பிரிண்டரிலேயே தயாரிக்கலாம்

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிய பலர், வீட்டில் நடக்கும் சிறு தொழிலுக்கு அவை உதவ வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் கூரம் பகுதியில் குப்பைமேனி சோப், நலங்கு மாவு, லிப் பாம் போன்றவற்றைத் தயாரிக்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அழகாக பிரிண்ட் ஆன லேபிள், குளியலறையில் இரண்டு நாள் இருந்தால் கரைந்து விடுகிறதே, ஏன்?" என்பதுதான் அது. "வாட்டர் ப்ரூப் பேப்பர் வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்லும் பதில் பாதிதான் சரி. மை, தாள், பசை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் லேபிள் நிலைக்கும்.

கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுத்துக்களைச் செம்பிலேயே வெட்டியதால் இன்றும் படிக்க முடிகிறது. நம் லேபிளிலோ எழுத்து தாளின் மேல்தான் ஒட்டிக் கொண்டிருக்கிறது. எனவே எந்த மையை எதன் மேல் பதிக்கிறோம் என்பதைத் தெரிந்து கொள்வது அவசியம்.

எழுத்து அழிந்தால் என்ன நஷ்டம்?

அழகு போவது மட்டுமல்ல. காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ் 2020 விதிகளின்படி, விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிக்க உரிமம் பெற வேண்டும். பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்துள்ளன என்பவை லேபிளில் இருக்க வேண்டும். பேக் செய்யப்பட்ட பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் எடை அல்லது அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு விபரம் ஆகியவற்றைக் கேட்கின்றன. ஒருவருக்குத் தோலில் அரிப்பு வந்தால், அவரும் மருத்துவரும் முதலில் பார்ப்பது இந்த லேபிளைத்தான். அதில் தேதியும் சேர்மானமும் கரைந்து போயிருந்தால் பயன் இல்லை.

உங்கள் பிரிண்டர் எந்த வகை?

இங்க்ஜெட்: இதில் இரண்டு வகை மை உண்டு. டை மை, சாயம் போல நீரில் கரைந்திருப்பது. தண்ணீர் பட்டால் மீண்டும் கரைந்து ஓடும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருக்கும். உலர்ந்த பின் எளிதில் ஓடாது. வீடுகளில் உள்ள இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற நிறங்கள் டை. மை பாட்டிலிலோ பிரிண்டரின் மேனுவலிலோ இதனைப் பார்த்துக் கொள்ளவும்.

லேசர்: இதன் டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் உள்ள சூடான ரோலர் அதனை உருக்கித் தாளில் பதிக்கிறது. தண்ணீரில் இது கரையாது. அதனால் சோப், ஷாம்பு லேபிள்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது லேசர்தான்.

தெர்மல்: கூரியர் பில் எடுக்கும் சிறு பிரிண்டர்களில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள்தான் அதில் உள்ளது. வெயில், எண்ணெய், சானிடைசர் பட்டால் எழுத்து கெட்டுவிடும். இதனை அழகுப் பொருட்களுக்குத் தவிர்க்கவும்.

எந்தத் தாள்?

சாதாரண ஸ்டிக்கர் பேப்பரில் லேசர் எழுத்து அழியாது. ஆனால் தாள் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். எனவே பிளாஸ்டிக் பிலிம் ஸ்டிக்கர் ஷீட்களை வாங்கவும். கண்ணாடி பாட்டில், டப்பா போன்றவற்றுக்கு பாலியஸ்டர் ஷீட் ஏற்றது. அழுத்திப் பிழியும் பாட்டிலுக்கு வளைந்து கொடுக்கும் பாலிப்ரொப்பிலீன் நல்லது. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகள் நிறைய உள்ளன. அங்கு விசாரிக்கலாம்.

வாங்கும் முன் உறையில் "லேசர்" என்று உள்ளதா, "இங்க்ஜெட்" என்று உள்ளதா எனக் கட்டாயம் பார்க்கவும். இங்க்ஜெட்டுக்கான பிலிமை லேசரில் கொடுத்தால், உருகி ரோலரில் சுற்றிக் கொள்ளலாம். அதனைச் சரி செய்யும் செலவில் புது பிரிண்டரே வாங்கிவிடலாம். லேசருக்கான பிலிமை இங்க்ஜெட்டில் கொடுத்தால் மை உலராமல் கையில் ஒட்டும்.

வேர்டில் லேபிள் அமைக்க

1. மைக்ரோசாப்ட் வேர்டைத் திறந்து, மேலே உள்ள மெயிலிங்ஸ் டேபில் கிளிக் செய்திடவும். அடுத்து லேபிள்ஸ் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.

2. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தவும். ஷீட்டின் உறையில் உள்ள எண் பட்டியலில் இருந்தால் அதனைத் தேர்ந்தெடுக்கவும். இல்லை எனில் நியூ லேபிள் சென்று ஸ்கேலால் அளந்த அளவுகளைத் தரவும். ஏ4 ஷீட்டில் 24 லேபிள் உள்ள வகையில் ஒரு லேபிள் ஏறத்தாழ 64 x 34 மி.மீ. இருக்கும்.

3. நியூ டாகுமெண்ட் என்பதில் கிளிக் செய்தால் கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டத்தில் லேபிளை அமைத்து, மற்றவற்றில் காப்பி செய்திடவும். தமிழ் எழுத்துக்கு நிர்மலா யுஐ போன்ற யூனிகோட் எழுத்துரு போதும்.

4. பி.டி.எப். ஆக சேவ் செய்து பிரிண்ட் எடுப்பதாக இருந்தால், அளவு 100 சதவீதம் அல்லது "ஆக்சுவல் சைஸ்" என இருக்க வேண்டும். "பிட்" என இருந்தால் கட்டங்கள் விலகிவிடும்.

5. முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். கட்டங்கள் பொருந்திய பின்னரே விலை உயர்ந்த ஷீட்டைப் போடவும்.

இங்க்ஜெட் மட்டும்தான் உள்ளதா?

கவலை வேண்டாம். தேதி, பேட்ச் எண், சேர்மானம் ஆகியவற்றை பிக்மென்ட் கறுப்பில் அமைக்கவும். நன்கு உலர்ந்த பின் லேபிளை பாட்டிலில் ஒட்டி, அதன் மேல் ஒளி புகும் பிலிமை ஒட்டவும். இந்த பிலிம் லேபிளை விட நான்கு புறமும் 2 அல்லது 3 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். லேமினேட் செய்த பின் ஓரத்தை ஒட்ட வெட்டினால், அந்த ஓரம் வழியாகவே தண்ணீர் உள்ளே போகும்.

ஒட்டுவதும் ஒரு கலை

பாட்டிலில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த லேபிளும் நிற்காது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பின் ஒட்டவும். நடுவில் இருந்து ஓரம் நோக்கி அழுத்தவும். பசை இறுக ஒரு நாள் விட்டுவிட்டுப் பிறகு ஈரத்தில் வைக்கவும்.

கடைசியாக ஒரு சோதனை. 100 பாட்டில்களில் ஒட்டும் முன், மூன்று பாட்டில்களில் மட்டும் ஒட்டுங்கள். ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போடவும். இரண்டாவதைச் சோப்பு நுரையுடன் விரலால் தேய்க்கவும். மூன்றாவதில் நீங்கள் விற்கும் பொருளையே தடவி ஒரு நாள் வைக்கவும். தண்ணீருக்குத் தாங்கும் லேபிள் எண்ணெய்க்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதால் மூன்றாவது சோதனை மிக முக்கியம். மூன்றிலும் தேதியைத் தெளிவாகப் படிக்க முடிந்தால், தைரியமாக மற்ற பாட்டில்களுக்கும் பிரிண்ட் எடுக்கலாம்.