சுருதி சேரப் பாடுவது எப்படி?

"வெள்ளிக்கிழமைப் பூசையில் தேவாரம் பாட ஆசைதான் சார், ஆனால் எனக்குக் குரல் இல்லையே" என்று புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பலர் என்னிடம் சொல்வதுண்டு. விசாரித்தால், பெரும்பாலோர் சிறு வயதில் யாரோ "நீ பாடாதே" என்று சொன்னதால் வாயை மூடிக்கொண்டவர்கள். தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் பிள்ளைகளைப் பாட வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுருதி சேரப் பாடுவது பிறவி வரம் அன்று, பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கம் தொண்டையில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது.

காது வழி வந்த செல்வம்

நம் தேவாரப் பண்கள் நமக்குக் கிடைத்ததே காது வழியாகத்தான். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபோது, ஏடுகளில் பாடல்கள் இருந்தன. பாடும் முறை தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஓர் அம்மையாரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அதன்பின் ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டே அவற்றைக் காத்து வந்தனர். நம் தோட்டங்களிலும் அதே கதைதான். பஜனையில் பெரியவர்கள் பாட, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் கேட்டே கற்றுக்கொண்டார்கள். கேட்பது நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

சுருதி சேர்வது என்றால் என்ன?

யாழையோ ஆர்மோனியத்தையோ முதலில் சரியாகச் சுருதி கூட்டிவிட்டால், தொட்ட இடத்தில் சரியான சுரம் பேசும். குரலுக்குக் கட்டையும் இல்லை, நரம்பும் இல்லை. சுரத்தைப் பாடகரே ஒவ்வொரு முறையும் தேடிப் பிடிக்க வேண்டும். குரலின் கடினமும் அதுவே, பெருமையும் அதுவே. தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் யாழ்ப்பாணர் தம் யாழையே முறிக்கப் போனதையும், சம்பந்தர் அதைத் தடுத்ததையும் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள்.

சுருதியில் விநாடிக்கு 200 அதிர்வுகள் இருக்க, நம் குரலில் 203 இருந்தால், விநாடிக்கு 3 முறை ஓர் அலைவு காதில் உறுத்தும். குரலை மெல்ல நகர்த்தினால் அலைவு குறைந்து, இரண்டும் ஒன்றாகும் இடத்தில் மறைந்துவிடும். அந்த அமைதிதான் சுருதி சேர்ந்ததற்கு அடையாளம்.

சுர வேறுபாட்டைப் பிறவியிலேயே காதால் உணர முடியாதவர்கள் நூற்றில் மிகச் சிலரே என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சுருதி பிசகிப் பாடும் பலருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டதைக் குரலில் கொண்டுவரும் பயிற்சிதான் இல்லை.

உங்கள் கட்டை எது?

ஆண்களுக்குப் பொதுவாக 1 முதல் 2 கட்டையும், பெண்களுக்கு 4 முதல் 6 கட்டையும் பொருந்தும். சிறு பிள்ளைகளின் குரல் பெண்கள் குரலை ஒத்திருக்கும். கீழ்ப் பஞ்சமமும் மேல் சட்சமும் கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டினால் அதுவே உங்கள் கட்டை. "பாட வராது" என்று ஒதுக்கப்பட்ட மாணவர் பலரை நான் சோதித்திருக்கிறேன். ஆசிரியர் பிடித்த கட்டை அவர்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கட்டையை மாற்றியதும் குரல் வந்து சேர்ந்தது.

ஆண்பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும்போது சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அப்போது கேலி செய்தால் அந்தப் பையன் பிறகு பாடவே மாட்டான். கட்டையைக் குறைத்து மெதுவாகப் பாட விடுங்கள்.

பழகும் முறை

1. சுருதிப் பெட்டியை வைத்து ஒரு நிமிடம் பேசாமல் கேளுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே சுருதிச் செயலி கிடைக்கிறது.

2. வாயை மூடி "ம்" என்று சட்சத்தில் நில்லுங்கள். அலைவு மறைந்த பிறகு "ஆ" என்று வாயைத் திறங்கள். உரக்கப் பாட வேண்டாம்.

3. ச, ப, மேல் ச என மூன்றை மட்டும் சில நாள் பழகுங்கள். சட்சம் 2 அதிர்வு என்றால் பஞ்சமம் 3, மேல் சட்சம் 4. அதனால்தான் இவை எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

4. பிறகு சரளி வரிசை. இதைப் புரந்தரதாசர் மாயாமாளவகௌளையில் வகுத்தார் என்பது மரபு. இந்தளப் பண்ணை இன்று ஓதுவார்கள் அந்த இராகத்திலேயே பாடுவதால், பயிற்சி அப்படியே தேவாரத்திற்கும் உதவும். முதற்காலம் உறுதியாகும்வரை இரண்டாம் காலத்திற்குத் தாவ வேண்டாம்.

5. பாடியதைப் பதிவு செய்து கேளுங்கள். நம் குரல் தலை எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்பதால், பதிவில் வேறு குரல்போல் தோன்றும். வெட்கப்பட வேண்டாம், பிறர் கேட்பது அதைத்தான்.

தினமும் கால் மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கத்துவதைவிட இது மேலானது.

ஆலயத்தில் நாம் செய்யக்கூடியவை

ஒலிபெருக்கியைக் குறைத்தால் பாடுகிறவருக்குத் தம் குரல் கேட்கும்; கேட்டால்தான் திருத்திக்கொள்ள முடியும். ஆண்களும் பெண்களும் ஒரே கட்டையில் திணறாமல், ஒரு பதிகம் ஆண்கள், ஒரு பதிகம் பெண்களும் பிள்ளைகளும் என்று மாற்றிப் பாடலாம். பாடத் தொடங்குமுன் அரை நிமிடம் சுருதியை மட்டும் ஒலிக்க விடலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பரிசு பெறும் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பரிசு பெறாத பிள்ளையும் நாளை சந்நிதியில் நின்று பாட வேண்டியவரே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணம் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் இடமாக நமக்கு மிஞ்சியிருப்பது ஆலயம்தான். கோபுரத்திற்கும் மண்டபத்திற்கும் வாரி வழங்கும் நன்கொடையாளப் பெருமக்கள், ஒரு திருமுறை வகுப்பிற்கும் கை கொடுக்க வேண்டுகிறேன். பெற்றோர்களே, பிள்ளை பிசகிப் பாடினால் "பாடாதே" என்று சொல்லாதீர்கள். "கேட்டுப் பாடு" என்று சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.